45 வெள்ளிக்கு ஒரு கோயம்புத்தூர்

சிங்கப்பூர் தேக்காவில் 27 வருடமாகத் தையல்கடை வைத்திருப்பவன் நான். வாரத்தில் ஆறு நாள் ஈ ஓட்டினாலும், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஈடு கொடுத்துவிடும். கால்சட்டையின் நீளம் குறைக்க, சட்டையைப் பிடிக்க என்று தம்பிமார் ஐந்தடி நடைபாதை வரை நிற்பார்கள். அப்படிப்பட்ட ஒரு ஞாயிறன்று கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு, நான் பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றியே பாடம் கேட்கப் போனேன். டிக்கெட் வாங்கியவள் மருமகள். மாமனாரின் 58ஆவது பிறந்தநாளுக்குப் பரிசாம். "24 வயது வரைக்கும் அங்கேயே கிடந்தவருக்கு இவர்கள் என்னத்தைச் சொல்லிக்கொடுத்துவிடப் போகிறார்கள்?" என்று என் மனைவி சிரித்தாள். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் கட்டிய காசு திரும்பாது என்று டிக்கெட்டின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. 45 வெள்ளி, சிங்கப்பூர் டாலர். ஒன்பது கால்சட்டைக்கு விளிம்பு மடித்தால்தான் அந்தக் காசு.

என்ன நிகழ்ச்சி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரின் பஞ்சாலைகள், அந்த ஊர்க் கலைகள், சாப்பாடு மூன்றையும் ஒன்றாகக் கட்டி, காலை பத்து மணி முதல் மதியம் இரண்டு மணி வரை நடத்துகிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு. டன்லப் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டின் மாடி. நடத்துபவர் நாற்பது வயதை ஒட்டிய பெண். சிங்காநல்லூரில் பிறந்து, இங்கே கணினித் துறையில் வேலை பார்க்கிறார். அவரைக் கேட்காமல் பெயரை எழுதுவது முறையல்ல, விட்டுவிடுகிறேன்.

மாடிப்படி பழங்காலத்துச் செங்குத்துப் படி. முழங்கால் வலி உள்ளவர்கள் கைப்பிடியை விடாதீர்கள். மேலே 25 நாற்காலிகள். கடைசி வரிசையின் இடது மூலையில் உட்காராதீர்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டுகிறது. எனக்கு அந்த மூலைதான் வாய்த்தது. தோளில் சொட்டிய தண்ணீரோடு முதல் அரைமணி நேரம் கேட்டேன்.

முதல் கால்மணி நேரம் சிங்கப்பூர். 1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸின் கப்பலில் பினாங்கிலிருந்து வந்து இறங்கிய நாராயண பிள்ளை இங்கே செங்கல் சூளை போட்டதையும், கிராஸ் ஸ்திரீட்டில் பருத்தித் துணிக்கடை வைத்ததையும், 1822இல் கடை தீயில் போனதையும், அதிலிருந்து மீண்டு 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு அடிபோட்டதையும் படங்களோடு சொன்னார். நன்றாகச் சொன்னார். கூடவே "பார்த்தீர்களா, கோவைக்கும் சிங்கப்பூருக்கும் அன்றே நூல் பாலம்" என்று ஒரு வாக்கியம் போட்டார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாராயண பிள்ளை கடை வைத்த காலத்தில் கோயம்புத்தூரில் மில் ஏது? அடுத்த படத்திலேயே அவரே காட்டினார்: முதல் மில் 1888இல் வந்தது என்று. கேட்கிறவர்களை ஊரோடு ஒட்டவைக்க ஆசைதான். அதற்காக எழுபது வருடத்தை மடித்துத் தைக்கக்கூடாது.

அந்த 1888 மில், ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில். ஊரார் வாயில் ஸ்டேன்ஸ் மில். காப்பிக்கொட்டை பதனிடும் தொழிலில் இருந்த வெள்ளைக்காரர் அவர். ஊருக்குப் பள்ளிக்கூடமும் வைத்துக்கொடுத்தவர். பிறகு 1910இல் குப்புசாமி நாயுடுவின் லட்சுமி மில், 1922இல் பீளமேட்டுக் குடும்பத்தாரின் ரங்கவிலாஸ் மில். அதற்கப்புறம் 1932இல் நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியதும் மில்கள் வரிசையாக முளைத்தன. மலையில் விழுந்த தண்ணீர் சமவெளியில் நூற்கும் கதிரைச் சுற்றியது என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. கரிசல் மண், அதில் நன்றாக வந்த கம்போடியாப் பருத்தி, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று, மின்சாரம் என்று காரணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோது, பக்கத்து நாற்காலியில் இருந்த பாலிடெக்னிக் மாணவன்கூடக் கைப்பேசியைக் கீழே வைத்தான்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஈரக்காற்று நூலுக்கு நல்லது என்பது உண்மை. காய்ந்த காற்றில் இழை படக்குபடக்கென்று அறும். ஆனால் மில்லுக்குள்ளே அந்தக் காற்றை நம்பி யாரும் ஜன்னலைத் திறந்து வைத்ததில்லை. சாத்திய கூடத்துக்குள் தண்ணீரைப் புகையாக அடித்து, ஈரத்தை அளவாக வைத்திருப்பார்கள். என் அப்பா ஸ்பின்னிங்கில், அதாவது நூற்புப் பகுதியில், சைடு பார்த்தவர்; எந்திரத்தின் ஒரு பக்கக் கதிர்வரிசை அவர் பொறுப்பு. ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வரும்போது அவருடைய தலை முழுக்க நரைத்திருக்கும். கிணற்றடியில் இரண்டு குடம் ஊற்றிக்கொண்டு வந்தால் கறுத்திருக்கும். சின்ன வயதில் நான் எல்லா அப்பாக்களுக்கும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளையில் பாதி தலையில், பாதி நெஞ்சில். கடைசிக் காலத்தில் அவர் இருமியது இன்னும் என் காதில் இருக்கிறது.

இதெல்லாம் அந்தப் படக்காட்சியில் இல்லை. "தென்னிந்தியாவின் மான்செஸ்டர்" என்ற சொல் மட்டும் நான் எண்ணியவரைக்கும் ஏழு தடவை வந்தது. ஒண்டிப்புதூரில் 24 வருடம் இருந்தேன். ஊருக்குள் ஒருவரும் ஊரை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடப் பாடப்புத்தகம்தான் அப்படிக் கூப்பிட்டது.

அடுத்தது பஞ்சு. ஐந்து கிண்ணங்களில் ஐந்து வகைப் பஞ்சு வைத்து, சீட்டு எழுதி, வரிசையாகக் கைமாற்றினார்கள். இது மிக நல்ல யோசனை. படத்தில் பார்ப்பதற்கும் விரலில் எடுப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சுவின் என்று ஒரு வகை உண்டு. கோயம்புத்தூர் ஆராய்ச்சி நிலையத்தில், சுஜாதா என்ற வகையையும் மேற்கிந்தியத் தீவின் செயின்ட் வின்சென்ட் வகையையும் கலந்து 1974இல் வெளியிட்டது. இரண்டு பெயரின் முன்பாதிகளையும் ஒட்டித்தான் சுவின். இந்தியப் பருத்தியில் இதைவிட நீளமான இழை அரிது. ஒன்றரை அங்குலம் வரும். அதனால்தான் நூறாம் நம்பருக்கு மேலே, அதாவது மிக மெல்லிய நூலாக, நூற்க முடிகிறது.

கிண்ணம் என்னிடம் வந்தது. சிட்டிகைப் பஞ்சை எடுத்து, இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்துப் பிரித்தேன். ஒரு பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபாதியை மறுபடி பிரித்தேன். இப்படி ஏழெட்டுத் தடவை இழுத்து அடுக்கினால் இழைகள் சீப்பால் வாரியதுபோல் ஒரே திசையில் படுக்கும். அப்போது நீளம் தெரியும். பஞ்சு தரகர்கள் மண்டியில் செய்வது இது, அப்பாவிடம் கற்றேன். கழுத்தில் எப்போதும் தொங்குகிற அளவுநாடாவை வைத்துப் பார்த்தால், முக்கால் அங்குலம்கூடத் தாண்டவில்லை. பக்கத்துக் கிண்ணத்தை வாங்கி இழுத்தேன். "கருங்கண்ணி" என்று சீட்டு ஒட்டிய அந்தப் பஞ்சு பட்டுப்போல் நீண்டுகொண்டே வந்தது. கருங்கண்ணி நம் நாட்டுப் பருத்தி, குட்டை இழை, முரட்டு நூலுக்கு ஆகும். சீட்டு இரண்டும் இடம் மாறிவிட்டன.

கை தூக்கிச் சொன்னேன். மறைக்காமல் சொல்ல வேண்டுமென்றால், கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அந்தப் பெண் சங்கடப்படவில்லை. எழுந்து வந்து, "எப்படிங்க கண்டுபிடித்தீர்கள்? எல்லோருக்கும் ஒரு தடவை செய்து காட்டுங்கள்" என்று என்னை முன்னால் அழைத்தார். நானும் போய் இழுத்துக் காட்டினேன். பிறகு எல்லோரும் ஆளுக்கொரு சிட்டிகை எடுத்து இழுக்க, அந்த மாடி பத்து நிமிடம், மில்லில் பஞ்சைப் பிரிக்கும் புளோரூம் ஆகிவிட்டது. நடத்துகிறவருக்கு ஒரு நட்சத்திரம் இங்கேயே கூடுதலாகப் போட்டேன். தப்பைச் சுட்டியவனை மேடையில் ஏற்றுகிற மனசு எல்லோருக்கும் வராது. அதோடு சொட்டுகிற மூலையிலிருந்து எனக்கு முன்வரிசைக்கு இடமும் மாற்றிக்கொடுத்தார்.

சினிமாவும் இயந்திரமும் வேகமாக ஓடின. திருச்சியில் ரயில்வே வேலையை விட்டுவிட்டு 1905இல் படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகச் சுற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், கடைசியில் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற சினிமாக் கொட்டகை கட்டியது, அந்தச் சாலைக்கு இன்றும் அதே பெயர் இருப்பது, சென்ட்ரல் ஸ்டூடியோ, பட்சிராஜா ஸ்டூடியோ, ஜி.டி. நாயுடுவின் பஸ்களும் மோட்டாரும். இவை தெரிந்த கதைகள். ஒன்று மட்டும் எனக்குப் புதிது: ஸ்டூடியோக்களுக்குப் பணம் போட்டவர்களில் மில் முதலாளிகளும் இருந்தார்கள் என்பது. சனிக்கிழமைதோறும் சினிமாக் கொட்டகையில் வரிசையில் நின்ற மில்காரர்களின் கூலி எங்கே போய் எங்கே திரும்பியது என்று எனக்கு ஒரு கணக்கு ஓடியது. அவர் அதைச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

இப்போது என் குறையைச் சொல்கிறேன். கோவை மத்திய சிறையின் படம் ஒன்று வந்தது. வ.உ. சிதம்பரனார் அங்கே செக்கிழுத்த கதையை ஐந்து நிமிடம் சொன்னார், சொல்ல வேண்டியதுதான். அதே சிறையில் 1946 ஜனவரி 8ஆம் தேதி ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள் நான்கு பேர் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டார்கள். ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன். சின்னியம்பாளையம் தியாகிகள் என்று ஊர் சொல்லும். சங்கம் கட்டிய காலத்தில் நடந்த அடிதடியில் ஓர் ஆள் இறந்த வழக்கு. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையத்தில் செங்கொடியோடு கூட்டம் சேரும். என்னை அப்பா தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். படத்தில் இந்த நால்வருக்கும் கிடைத்தது ஒரே ஒரு வரி, அதுவும் "தொழிற்சங்கப் பிரச்சினைகள்" என்ற தலைப்பின் கீழ் மூன்றாவதாக. முதலாளிகளின் புகைப்படங்கள் மட்டும் மாலை போட்டதுபோல் ஓவியச் சட்டத்துக்குள் முழுத்திரைக்கு வந்தன. கட்டியவர் பெயர் தெரிகிறது. ஓட்டியவர்?

பதிலி என்ற சொல்லும் வரவே இல்லை. நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவருடைய இடத்துக்கு எடுக்கப்படுகிறவர் பதிலி. சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே போய்க் கேட்டில் நிற்க வேண்டும். மேஸ்திரி வந்து விரலை நீட்டி, நீ, நீ, நீ என்பார். மற்றவர்கள் தூக்குச்சட்டியோடு திரும்பி நடப்பார்கள். அப்பா ஏழு வருடம் பதிலி. வேலை கிடைக்காமல் திரும்பும் நாளில் நேரே வீட்டுக்கு வரமாட்டார். மத்தியானம் வரை எங்கேயோ சுற்றிவிட்டுத்தான் வருவார். எங்கே போனார் என்று அம்மா கேட்டதில்லை.

இடைவேளையில் தே (டீ) கொடுத்தார்கள். இஞ்சி போட்டது, நன்றாக இருந்தது. நான் இறங்கிப் போய்விடலாமா, கடையில் பையன் எப்படிச் சமாளிக்கிறானோ என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்த அம்மா சமையலறைப் பக்கமிருந்து வெளியே வந்தார்.

நடத்துகிறவரின் தாயார். வயது எண்பதை நெருங்கும். ஆண்டுக்கு இரண்டு மூன்று மாதம் மகளோடு வந்து இருப்பாராம். டிக்கெட்டில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஈரக் கையைத் துடைத்தபடி வந்து முக்காலியில் உட்கார்ந்தார். முன்னால் ஒரு சின்ன ராட்டு, இரண்டு மூன்று நூற்கண்டு. மகள் அறிமுகம் செய்யத் தொடங்குமுன் என்னைப் பார்த்து, "தம்பி எந்த ஊருங்க? பஞ்சு இழுக்கிற கையைப் பார்த்தேன்" என்றார். ஒண்டிப்புதூருங்க என்றேன். "அப்பா எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்டார். வேலை என்ன என்று கேட்கவில்லை. மில்தான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எந்தப் பகுதி என்பதுதான் கேள்வி. ஸ்பின்னிங் என்றேன். "நான் ரீலிங்" என்றார். அதற்கப்புறம் எங்களுக்குள் அறிமுகம் தேவைப்படவில்லை.

ரீலிங் என்பது பெண்களின் பகுதி. கதிரில் நூற்ற நூலை ராட்டில் சுற்றிச் சிட்டமாக்குவது. கைத்தறிக்குப் போகிற நூல் சிட்டமாகத்தான் போகும். கோயம்புத்தூர் மில்களில் பெரும்பாலானவை நூல் மில்கள், துணி மில்கள் அல்ல. துணியை நெய்தவர்கள் சுற்றுப்பட்டு ஊர்களின் தறிக்காரர்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தது இந்தச் சிட்டம். ராட்டின் சுற்றளவு ஒன்றரை கெஜம். எண்பது சுற்றுக்கு 120 கெஜம், அது ஒரு லீ. ஏழு லீ சேர்ந்தால் 840 கெஜம், ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு இப்படி நாற்பது சிட்டம் வந்தால் அது நாற்பதாம் நம்பர் நூல். அதாவது கையில் அடங்குகிற ஒரு பவுண்டுக் கட்டுக்குள் 33,600 கெஜம். தினமும் நூலைத் தொடுகிற நான் நம்பர் பார்த்துத்தான் நூல் வாங்குகிறேன்; அந்த நம்பருக்குள் இப்படி ஒரு ராட்டு சுற்றிக்கொண்டிருப்பதை 58 வயதில்தான் உட்கார்ந்து பார்த்தேன்.

சுற்றிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா வேண்டுமென்றே நூலை அறுத்தார். "இப்போது பாருங்கள்." இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் இரண்டு முனைகளையும் குறுக்காக வைத்துப் பிடித்தார். வலது கை நீண்ட இழையைக் கட்டைவிரல் நகத்தைச் சுற்றி ஒரு வளையமாகக் கொண்டுவந்தது. மற்ற முனை அந்த வளையத்துக்குள் குனிந்து போனது. ஓர் இழுப்பு. முடிந்துவிட்டது. நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனாலும் பார்க்கவில்லை. மறுபடி செய்யச் சொன்னோம். மெதுவாகச் செய்ய அவரால் முடியவில்லை. விரல்களை நிறுத்தி நிறுத்திக் காட்டப் போனால் முடிச்சே மறந்துவிடுகிறது. வேகமாக விட்டால் வந்துவிடுகிறது. "கைக்குத்தான் தெரியும்ங்க, எனக்குத் தெரியாது" என்று சிரித்தார்.

சட்டைப்பையின் விளிம்பில் எப்போதும் ஓர் ஊசி குத்தி வைத்திருப்பேன். அந்த முடிச்சு போட்ட நூலைக் கேட்டு வாங்கி ஊசிக்காதில் கோத்து இழுத்தேன். முடிச்சு தட்டாமல் காதுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை இழுத்தேன். போய்விட்டது. தறியில் பாவு இழையைத் தூக்கும் விழுதுக்குள்ளும், சீப்புப் போன்ற அச்சுக்குள்ளும் நுழைய வேண்டிய நூல். முடிச்சு பருத்தால் அங்கே அறும், அறுந்தால் நெசவாளி திட்டுவான், திட்டு மில்லுக்கு வரும், மில்லில் கூலி பிடிப்பார்கள். "ஒரு நாளைக்கு எத்தனை முடிச்சும்மா போடுவீர்கள்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. "முடிச்சை எண்ணினால் சிட்டத்தை எப்படிக் கண்ணு எண்ணுவது?" என்றார்.

இருபது நிமிடம்தான் அந்த அம்மாவுக்கு ஒதுக்கியிருந்தார்கள். மகள் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். படக்காட்சிக்கு ஒன்றரை மணி நேரம், இவருக்கு இருபது நிமிடம்! ஒரு தையல்காரனாகச் சொல்கிறேன்: நல்ல துணியை உள்பையில் வைத்துத் தைத்துவிட்டு, வெளிப்பக்கம் லைனிங்கைப் போட்டிருக்கிறார்கள்.

அப்புறம் வள்ளி கும்மி. கொங்கு நாட்டில் முருகன் வள்ளியைக் கைப்பிடித்த கதையைப் பாடிக்கொண்டே வட்டமாக நின்று ஆடுவது. முன்பு ஆண்கள் மட்டுமே ஆடினார்கள்; பெண்களையும் சேர்த்துப் பழக்கியவர்களில் முன்னே நின்றவர் காரமடைப் பக்கத்து ஆசிரியர் பத்திரப்பன். 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இங்கே ஆடக் கற்றுக்கொடுத்தவர் கட்டுமானத் துறையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், அன்னூர்க்காரர். குரல் கணீரென்று இருந்தது. நான்கே அடவு. வலம் ஒன்று, இடம் ஒன்று, குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு. ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் வியர்த்துவிட்டது. பாட்டின் வேகம் ஏறியபோது 25 பேரும் ஒரே நேரத்தில் காலை ஊன்ற, பலகைத் தளம் ஆட, கீழ்க்கடைக்காரர் மூச்சு வாங்க மேலே ஓடிவந்தார். அவருடைய கல்லாப்பெட்டி மேல் சுண்ணாம்பு உதிர்கிறதாம். அவரிடம் மன்னிப்புக் கேட்டு, இரண்டாம் பாட்டைச் செருப்பில்லாத பூனைகளாக ஆடினோம். கும்மியைச் சத்தமில்லாமல் ஆடுவது சர்க்கரையில்லாமல் பாயசம் குடிப்பதுபோல. நிகழ்ச்சிக்காரர்கள் ஆடுவதற்கு மட்டுமாவது வேறு இடம் பார்க்கட்டும்.

சாப்பாடு. இதற்குக் குறையே சொல்ல முடியாது. அரிசிம்பருப்பு சாதம், நெய் தனியாக, கொள்ளு ரசம், தேங்காய்ப் பாலோடு சந்தகை. இடியாப்பத்தைத் தட்டில் வைத்துச் சந்தகை என்று ஏமாற்றுவார்களோ என்று நான் ஏற்கெனவே கோபப்படத் தயாராக இருந்தேன். இல்லை. புழுங்கலரிசியை ஊறவைத்து அரைத்து, முதலில் ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் பிழிந்த உண்மையான சந்தகை. மாவைப் பிழிந்து பிறகு வேகவைப்பது இடியாப்பம். வேகவைத்துவிட்டுப் பிழிவது சந்தகை. நாக்கில் அந்த வழுவழுப்பு தெரியும். ஈசூனில் உள்ள அவர்கள் வீட்டில் கோயம்புத்தூர் கிரைண்டர்தானாம். அந்த ஊர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, தெரியுமோ? கொள்ளு ரசத்தை நான் மூன்று தடவை வாங்கினேன். சிறுவாணித் தண்ணீரில் வைத்த ரசம் இதற்கு ஒரு படி மேலே இருக்கும் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். "அது தண்ணீர் இல்லைங்க, தித்திப்பு" என்றார்.

வெளியே போகும் வழியில் ஒரு மேசையில் கோவை கோரா காட்டன் புடவைகளை விற்பனைக்கு வைத்திருந்தார்கள். 130 வெள்ளி முதல். வாங்குங்கள் என்று யாரும் நச்சரிக்கவில்லை. முந்தானை ஓரத்தில் நீளவாட்டுப் பாவில் ஓர் இழையும் குறுக்குவாட்டு ஊடையில் ஓர் இழையும் உருவிப் பார்த்தேன்: பாவு பசை நீக்காத பட்டு, ஊடை பருத்தி. சரியான சரக்குதான். பட்டின் இயற்கைப் பசையை எடுக்காததால்தான் அந்த மொடமொடப்பு. வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல்: இந்தத் துணியில் ரவிக்கை தைக்கக் கொடுத்தால், ஓரத்துக்குத் தாராளமாக விடச் சொல்லுங்கள். இழை நழுவும். இறுக்கிப் பிடித்துத் தைத்தால் அக்குளில் மூன்றாம் மாதமே பிரிந்துவிடும். பழி தையல்காரன் மேல் விழும். மனைவிக்கு ஒன்று வாங்கினேன், மாம்பழ நிறம். ஆக, பரிசாக வந்த டிக்கெட் எனக்கு 130 வெள்ளி செலவு வைத்தது.

போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு. கோயம்புத்தூரையே பார்க்காத பிள்ளைகளுக்கு முதல் பாதி பயன்படும். ஆனால் அழைத்துப்போகிற பெரியவர்கள் தூக்கிலிடப்பட்ட அந்த நால்வரின் பெயரையும் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தை முன்னாலேயே பார்த்திருந்தால் நாராயண பிள்ளைக் கால்மணி நேரத்தில் தூங்கிக்கொள்ளலாம். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளால் படக்காட்சியில் உட்கார முடியாது. எனக்கு முன்னால் இருந்த குட்டி, பஞ்சை மூக்கில் அடைத்துக்கொண்டு அழுதது. பேநவ் மூலம் பணம் கட்டினால் ரசீது வர இரண்டு நாள் ஆகிறது. சைவச் சாப்பாடு மட்டும்தான்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அது அந்த அம்மா ஊரிலிருந்து வந்திருக்கும் மாதங்களுக்கு. அவர் இல்லாத மாதத்துக்கு இரண்டு. முன்பதிவு செய்வதற்கு முன் ஒரு செய்தி அனுப்பி, ரீலிங் அம்மா இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் அடுத்த மாதத்துக்குக் கேட்டிருக்கிறேன்; மாசிக்குள் ஊருக்குத் திரும்பிவிடுவாராம், கோவைக் கோனியம்மன் கோயில் தேர் பார்க்க வேண்டுமாம். அதற்குள் ஒரு ஞாயிறு இருக்கிறது. இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன், இந்தத் தடவை என் காசில். ஒரு வாரமாகக் கடையில் நூல் அறுகிறபோதெல்லாம் அந்த முடிச்சைப் போட்டுப் பார்க்கிறேன். வளையம் வரை வருகிறது. மற்ற முனை எந்தப் பக்கமிருந்து குனிகிறது என்பதுதான் பிடிபடவில்லை.